ஆம்ப் கட்டாகுதா? கடைக்குத் தூக்குவதற்கு முன் ஒயரைக் கழற்றிப் பாருங்கள்

மாசி மயானக் கொள்ளையில் ஆரம்பித்து ஆடிப் பதினெட்டு தாண்டுகிற வரைக்கும் என் மேசையில் ஆம்ப்ளிஃபயர் அடுக்க இடம் இருக்காது. காரிமங்கலம், பாலக்கோடு, காவேரிப்பட்டினம், ஊத்தங்கரை என்று சுற்றுவட்டார மைக்செட்காரர்கள் பைக்கின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு வந்து இறக்குவார்கள். "அண்ணா, ராத்திரி கூத்து இருக்கு, எப்படியாவது பார்த்துக் கொடுங்க." பிரித்துப் பார்த்தால் நிறைய ஆம்ப் நல்ல ஆம்பாகவே இருக்கும். கோளாறு அதன் வாலில் கட்டியிருந்த ஒயரிலோ, பாக்ஸ் எனும் பெட்டி ஸ்பீக்கரிலோ, குழாய் எனும் கூம்பு ஒலிபெருக்கியிலோ இருந்திருக்கும், அதையெல்லாம் பந்தலிலேயே விட்டுவிட்டு ஆம்பை மட்டும் தூக்கி வந்திருப்பார்கள்.

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி ஒரே ஆம்பை மூன்று முறை கொண்டுவந்தார். என் மேசையில் மணிக்கணக்கில் பாடும், அவர் பந்தலில் அரை மணி நேரத்தில் கட்டாகும். மூன்றாம் முறை, ஆம்பை வீட்டில் வைத்துவிட்டு பாக்ஸையும் ஒயரையும் மட்டும் கொண்டு வா என்றேன். கொண்டுவந்தார். கோளாறு என்ன என்று கீழே வரும்.

எதனால் ஆகிறது என்ற பாடமெல்லாம் இங்கே இல்லை. உங்கள் ஆம்ப் என்ன செய்கிறது என்று பார்த்து அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் எல்லாரும் படியுங்கள்.

## தொடுவதற்கு முன்

கையில் ஒரு மல்டிமீட்டர், நன்றாகப் பாடுகிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு 8 ஓம் பாக்ஸ், ஐந்து மீட்டர் நல்ல ஒயர். இது போதும். ஒவ்வொரு முறை ஒயரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் ஆம்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். 100 வோல்ட் லைன் என்றால், ஆம்ப் பாட்டை 100 வோல்ட் வரை ஏற்றி அனுப்பும், ஒவ்வொரு குழாயும் தன் டிரான்ஸ்பார்மரால் அதை இறக்கிக்கொள்ளும். அந்த லைன் ஓடுகிற குழாய் செட்டில், பாட்டு ஓடும்போது ஒயரைத் தொட்டால் கரண்ட் அடிக்கும். பாட்டு ஒயர்தானே என்று நினைத்து ஈரக்கையோடு கம்பத்தில் ஏறாதீர்கள்.

அடுத்து, உங்கள் ஆம்ப் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். டிரான்ஸிஸ்டர் ஆம்ப் ஷார்ட்டுக்குப் பயப்படும், சும்மா இருந்தால் கவலைப்படாது. வால்வ் ஆம்ப் நேர்மாறு: ஸ்பீக்கர் இல்லாமல் பாட்டு ஓட்டினால் போய்விடும். பின்பக்கம் 100 வோல்ட் என்று போட்டிருக்கும் மைக்செட் ஆம்பில் குழாய்களின் வாட்டைக் கூட்டிப் பார்க்காமல் மாட்டினால் போகும். எடை குறைவான புது டிஜிட்டல் ஆம்ப், அதாவது கிளாஸ் டி, பெரும்பாலும் டிரான்ஸிஸ்டர் மாதிரித்தான், ஒன்றிரண்டு வித்தியாசம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். கீழே "எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் பண்ணுங்கள்" என்று வருகிற இடமெல்லாம் வால்வ் ஆம்புக்குப் பொருந்தாது.

## ஆன் செய்ததுமே புரொடெக்‌ஷன் லைட் எரிகிறது, அல்லது பியூஸ் போகிறது

ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள அவுட்புட்டை நிறுத்தும்போது எரிவதுதான் புரொடெக்‌ஷன் லைட். அணைத்துவிட்டு ஸ்பீக்கர் ஒயர் அத்தனையும் பின்பக்கத்திலிருந்து உருவுங்கள். மறுபடி ஆன் செய்யுங்கள்.

லைட் அணைந்துவிட்டது என்றால் ஆம்ப் பிழைத்தது, கோளாறு வெளியே. முதலில் ஆம்பின் பின்பக்க டெர்மினலையே டார்ச் அடித்துப் பாருங்கள். முறுக்கிய செம்பு இழையில் ஒன்றே ஒன்று வெளியே துருத்திக்கொண்டு பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருக்கும். சிரிக்காதீர்கள், நான் பார்த்ததில் அதிகமான ஷார்ட் இதுதான், அவசரமாகச் செட் கட்டுகிறவர்கள் பல்லால் ஒயரைச் சீவுவதால் வருவது. அடுத்து ஸ்பீக்கான் பிளக்கை, அதாவது திருகிப் பூட்டுகிற ஸ்பீக்கர் பிளக்கை, திறந்து உள்ளே பாருங்கள். அடுத்து ஒயரின் நடுவில் இருக்கிற ஜாயின்ட். அதன்மேல் பாலிதீன் பையைச் சுற்றிக் கேழ்வரகுக் கொல்லை வரப்பில் போட்டிருந்தால், விடியற்காலைப் பனியில் அந்தப் பைக்குள்ளேயே தண்ணீர் நிற்கும். டிராக்டர் டிரெய்லர் ஏறி நசுங்கிய இடம், முள்வேலிக்குள் இழுத்து உரிந்த இடம், இவற்றையும் கையால் தடவிக்கொண்டே வாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் மீட்டர். 200 ஓம் ரேஞ்சில் வைத்து, முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொடுங்கள், 0.3 அல்லது 0.5 என்று ஏதாவது காட்டும். அதை எல்லா அளவிலிருந்தும் கழித்துக்கொள்ள வேண்டும். இப்போது பாக்ஸை அளந்தால் 8 ஓம் பாக்ஸ் 8 காட்டாது, சுமார் 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3 முதல் 3.5. 16 ஓம் குழாய் யூனிட் (குழாயின் பின்னால் திருகியிருக்கும், சத்தம் போடுகிற பாகம்) பெரும்பாலும் 11 முதல் 13. இது சரிதான், பயப்பட வேண்டாம். 1 ஓமுக்குக் கீழே வந்தால் ஷார்ட். எண் எதுவும் வராமல் திறந்த மாதிரி நின்றால் அந்தப் பாக்ஸ் கட்.

ஊத்தங்கரைத் தம்பியின் பாக்ஸ் மீட்டரில் அழகாக 6.2 காட்டியது. சும்மா வைத்து அளந்தால் எப்போதும் அதுதான். மீட்டரை அப்படியே மாட்டி வைத்துவிட்டு, இரண்டு கைவிரலாலும் கோனை, அதாவது ஸ்பீக்கரின் முன்பக்கக் கூம்பை, சமமாக உள்ளே அழுத்தினேன். பாதி வழியில் மீட்டர் 0.8க்கு விழுந்தது, விட்டதும் பழையபடி 6.2. வாய்ஸ் காயிலில், அதாவது கோனோடு சேர்ந்து ஆடுகிற கம்பிச் சுருளில், வார்னிஷ் தேய்ந்து உள்ளே இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. சத்தம் கூடும்போது கோன் நீளமாக ஓடும், சூடும் ஏறும், அப்போது மட்டும் ஷார்ட். என் மேசையில் என் பாக்ஸில் பாடியதால் மூன்று மாதம் அந்த ஆம்ப் மேல் பழி. அதனால் பாக்ஸை அளக்கும்போது கோனை அழுத்தி, ஒயரை ஆட்டி அளங்கள், சும்மா வைத்து அளந்த அளவை நம்பாதீர்கள்.

எல்லா ஒயரும் உருவிய பிறகும் லைட் எரிகிறது என்றால் உள்ளே போயிருக்கிறது, பெரும்பாலும் அவுட்புட் டிரான்ஸிஸ்டர். மேல்மூடி திறக்கிற பழக்கமுள்ளவர்கள் மெயின் கரண்டுக்குத் தொடராக 100 வாட் குண்டு பல்பு போட்டு ஆன் செய்து பார்க்கலாம். பல்பு ஒரு வெட்டு வெட்டிவிட்டு மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். பழக்கமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். பெரிய பியூஸாகப் போட்டுப் பார்ப்போம் என்று மட்டும் போகாதீர்கள். இருநூறு ரூபாய் வேலையை இரண்டாயிரம் ஆக்கும் வழி அது.

## மெதுவாக வைத்தால் பாடுகிறது, சத்தம் ஏற்றினால் அல்லது அரை மணி நேரம் கழித்து கட்டாகிறது

முதலில் பாக்ஸ் எத்தனை மாட்டியிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள்.

போலீஸ் அனுமதியில் கூம்பு ஒலிபெருக்கி கூடாது என்று கறாராகச் சொல்ல ஆரம்பித்த பிறகு, குழாய் கட்டிப் பழகிய ஆட்கள் எல்லாரும் பாக்ஸுக்கு மாறினார்கள். குழாயில் ஒயர் கம்பத்திலிருந்து கம்பத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும், எத்தனை வேண்டுமானாலும் தொங்கவிடுவோம். அதே கையோடு பாக்ஸிலும் ஒன்றின் பின்னாலிருந்து அடுத்ததற்கு ஒயர் போட்டு நான்கைந்து மாட்டிவிடுகிறார்கள். வரிசையாகப் போவதால் அது சீரிஸ், அதாவது ஒன்றின் வழியாகத்தான் அடுத்ததற்குக் கரண்ட் போகும் என்று நினைப்பு. இல்லை. பாக்ஸின் பின்னால் இருக்கிற இரண்டு சாக்கெட்டும் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்தவை, அதாவது பேர்லல். 8 ஓம் பாக்ஸ் இரண்டு மாட்டினால் 4 ஓம், மூன்று என்றால் 2.7, நான்கு என்றால் 2. உங்கள் ஆம்பின் பின்னால் குறைந்தது 4 ஓம் என்று எழுதியிருந்தால் ஒரு சேனலுக்கு இரண்டு பாக்ஸோடு நிறுத்த வேண்டும். மெதுவாக வைத்தால் பாடத்தான் செய்யும், சாமி ஊர்வலம் வந்து திருகும்போதுதான் காலை வாரும்.

நான்கு பாக்ஸும் ஒரே சேனலில்தான் வேண்டும் என்றால், இரண்டிரண்டாகச் சீரிஸ் போட்டு அந்த இரண்டு ஜோடியையும் பேர்லலாகச் சேர்த்தால் மொத்தம் மறுபடி 8 ஓம். நான்கும் ஒரே மாடலாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். வேறு வேறு பாக்ஸைச் சீரிஸில் போட்டால் சத்தம் கன்னாபின்னாவென்று பிரியும்.

பிரிட்ஜில், அதாவது இரண்டு சேனலையும் சேர்த்து ஒன்றாக ஓட்டும்படி, போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் கணக்கு இரட்டிப்பு. சேனலுக்கு 4 ஓம் தாங்கும் ஆம்ப், பிரிட்ஜில் 8 ஓமுக்குக் கீழே தாங்காது. பிரிட்ஜில் இரண்டு 8 ஓம் பாக்ஸ் மாட்டினால் ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓம் தெரியும். ஆம்பின் பின்னால் பிரிட்ஜ் ஸ்விட்ச் தெரியாமல் கைபட்டு மாறியிருந்ததையும் பார்த்திருக்கிறேன், மூட்டை தூக்குகிற பையனைத் திட்டிப் பயனில்லை, அந்த ஸ்விட்ச் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

பாக்ஸ் கணக்கு சரியாக இருந்தும் கட்டானால், ஃபேனைப் பாருங்கள். எருதுவிடும் விழாவுக்குப் போய் வந்த ஆம்பின் ஃபேனில் ஒரு கைப்பிடி செம்மண் இருக்கும். பிரஷால் தட்டி ஊதினால் போதும். அடுத்து ஜெனரேட்டர். சீரியல் லைட்டும் ஆம்பும் ஒரே ஜெனரேட்டரில் ஓடினால் வோல்டேஜ் விழுந்து ஆம்ப் அணைந்து அணைந்து எரியும். மீட்டரை ஏசியில் வைத்துப் பாட்டு ஓடும்போது பாருங்கள். இவையும் சரி, பாக்ஸையும் கோன் அழுத்தி அளந்தாயிற்று, இன்னும் கட்டாகிறது என்றால் மெக்கானிக்.

ஓம் அதிகமாக இருப்பதால் டிரான்ஸிஸ்டர் ஆம்ப் போகாது. 4 ஓம் ஆம்பில் 16 ஓம் மாட்டினால் சத்தம் குறையும், அவ்வளவுதான்.

## குழாய் செட்: எல்லாக் குழாயும் மெதுவாகப் பாடுகிறது

இதில் இரண்டு கிளை. ஆம்பின் தலையைத் தொட்டுப் பாருங்கள்.

ஆம்ப் சூடாகவில்லை. அப்படியென்றால் ஒயர் தப்பான டெர்மினலில் இருக்கிறது. பின்பக்கம் காமன், 4, 8, 16, 70 வோல்ட், 100 வோல்ட் என்று வரிசையாக இருக்கும். டிரான்ஸ்பார்மர் வைத்த குழாய் லைனை 8 ஓம் டெர்மினலில் மாட்டினால் எல்லாம் பாடும், ஆனால் முனகும். 250 வாட் ஆம்பின் 8 ஓம் டெர்மினலில் முழுச் சத்தத்திலும் சுமார் 45 வோல்ட்தான் வரும், குழாய்க்கு ஐந்தில் ஒரு பங்கு வாட்தான் போகும். அணைத்துவிட்டு ஒயரை 100க்கு மாற்றுங்கள், முடிந்தது. காசு செலவில்லை.

ஆம்ப் கொதிக்கிறது, சத்தமும் பிசிறுகிறது. இது லோடு அதிகம். குழாயின் கழுத்தில் இருக்கிற லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மரில் எத்தனை வாட் முனையில் ஒயர் மாட்டியிருக்கிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஓம் கணக்கே வேண்டாம், 100 வோல்ட் லைனில் வாட்டைக் கூட்டினால் போதும். 30 வாட் குழாய் ஆறு என்றால் 180, 250 வாட் ஆம்ப் சொகுசாக ஓடும். பத்து மாட்டினால் 300, தாங்காது. நான் எப்போதும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் விடுவேன், 250க்கு 200 வரை.

இந்தக் கூட்டலை மீட்டரில் செய்ய முடியாது. 20 வாட் முனையின் லோடு 500 ஓம். மீட்டரோ அதைவிட எவ்வளவோ குறைவாகக் காட்டும், காரணம் அது வெறும் கம்பிச் சுருளை அளக்கிறது. "லைன் ஷார்ட்டுண்ணா, மீட்டர் பீப் போடுது" என்று பதறி போன் வருவது இதனால்தான். குழாய் லைனில் மீட்டர் பீப் அடித்தால் ஷார்ட் என்று அர்த்தமில்லை.

வாட் கூட்டலும் சரியாக வந்து, அப்படியும் கொதித்தால், எங்கோ ஒரு குழாய் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நேராக லைனில் தொங்குகிறது. பக்கத்து ஊர் செட்டிலிருந்து இரவல் வாங்கிய ஒற்றைக் குழாய் என்றால் முதல் சந்தேகம் அதன்மேல் வையுங்கள். 16 ஓம் யூனிட் 100 வோல்ட்டைப் பார்த்தால் 625 வாட் கேட்கும். ஆம்பையும் சாய்த்து யூனிட்டையும் எரித்துவிடும். யூனிட் எரிந்து கட்டான பிறகு ஆம்ப் தானாகச் சரியாகி நன்றாகப் பாடும், அப்போது "ஒரு குழாய் மட்டும் பாடலை, மத்ததெல்லாம் சூப்பர்" என்பார்கள்.

ஒவ்வொரு கம்பமாக ஏறித் தேடாதீர்கள். நடுக் கம்பத்துக்குப் போய் அங்கே லைனைப் பிரியுங்கள். முன்பாதி மட்டும் ஓட்டிப் பாருங்கள். சரியாகப் பாடினால் திருடன் பின்பாதியில். அந்தப் பாதியின் நடுவில் மறுபடி பிரியுங்கள். பதினாறு குழாய் என்றாலும் நான்கு முறை பிரித்தால் கையில் வந்துவிடும்.

நேரமில்லை, படுகளம் ஆரம்பிக்கப் போகிறது, குழாய் அதிகம்தான் என்று தெரிகிறது. ஆம்பில் 70 வோல்ட் டெர்மினல் இருந்தால் லைனை 100லிருந்து 70க்கு மாற்றுங்கள். 300 வாட் கேட்ட லைன் அப்போது சுமார் 150 தான் கேட்கும். சத்தம் கொஞ்சம் குறையும், ஊருக்கு அது தெரியக்கூடத் தெரியாது, ஆம்ப் விடியும்வரை ஓடும். ஒற்றைக் குழாய் நேராகத் தொங்குகிற கோளாறுக்கு மட்டும் இது உதவாது.

100 வோல்ட் லைன் ஓடும்போதே அதே ஆம்பின் 8 ஓம் டெர்மினலில் மேடைக்கு ஒரு பாக்ஸ் மாட்டும் பழக்கமும் உண்டு. இரண்டும் ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து எடுப்பவை, வாட் இரண்டும் சேர்ந்துதான் கணக்கு. கணக்குப் போடத் தெரிந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு நேரத்தில் ஒரு டெர்மினல்.

## பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, பாட்டுப் போட்டு பாஸ் வந்தால் மட்டும் கட்டாகிறது

குழாய் செட்டில் இது வந்தால் யாரும் லோடு என்று நினைக்கமாட்டார்கள். சின்ன டிரான்ஸ்பார்மர்கள் தடித்த பாஸைத் தாங்காது, அந்த நேரம் அவை லைனை ஷார்ட் மாதிரி இழுக்கும். பேச்சில் பாஸ் இல்லை, அதனால் தெரியாது. பாஸ் குமிழை முழுக்கக் குறையுங்கள், மிக்சரில் பாஸ் கட் ஸ்விட்ச் இருந்தால் போடுங்கள். குழாயில் பாஸ் எப்படியும் கேட்கப் போவதில்லை, யூனிட்டின் டயாபிரம் கிழிவதுதான் மிச்சம். பறை, பம்பை, உடுக்கைக்கு முன்னால் மைக் வைக்கிறவர்களும் இதைச் செய்யுங்கள்.

## ஒரு பாக்ஸ் அல்லது ஒரு குழாய் மட்டும் ஊமை

நல்ல பாக்ஸோடு ஒயரை மாற்றி மாட்டிப் பாருங்கள். ஒயரோடு ஊமையும் இடம் மாறினால் ஒயர், மாறாவிட்டால் பாக்ஸ். குழாய் என்றால் டயாபிரம் மாற்றுவது நீங்களே செய்யக்கூடிய வேலைதான், தூசி விழாமல் உட்கார்ந்து செய்யுங்கள். சீரிஸில் போட்ட ஜோடியில் ஒன்று கட்டானால் இரண்டும் ஊமையாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தூரத்துப் பாக்ஸ் ஊமை இல்லை, மெதுவாகப் பாடுகிறது என்றால் அது ஒயரின் நீளம். 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் 100 மீட்டர் இழுத்தால் போகவும் வரவும் சேர்த்து 2.3 ஓம் அளவுக்கு ஒயரிலேயே போய்விடும். 8 ஓம் பாக்ஸுக்குப் போகவேண்டிய சக்தியில் சுமார் 60 சதவீதம்தான் அங்கே சேரும். செம்பு பூசிய அலுமினிய ஒயர் என்றால் இன்னும் மோசம். ஆம்பைப் பாக்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, மிக்சரிலிருந்து சிக்னல் ஒயரை மட்டும் நீளமாக இழுங்கள்.

## ஸ்பீக்கர் மாட்டாமலே ஓட்டிவிட்டேன், இப்போது என்ன?

டிரான்ஸிஸ்டர் ஆம்ப்: ஒன்றும் ஆகியிருக்காது. நிம்மதியாக மாட்டி ஓட்டுங்கள்.

கிளாஸ் டி ஆம்ப்: பொதுவாக ஒன்றும் ஆகாது. ஆனால் ஸ்பீக்கர் இல்லாமல் சத்தத்தை முழுக்க ஏற்றி, கீச்சென்ற உயர்ந்த ஒலியை விட்டால் அவுட்புட்டில் இருக்கிற கம்பிச் சுருளும் கண்டன்சரும் சேர்ந்து வோல்டேஜை ஏற்றிக்கொள்ளும். விலை குறைந்த போர்டுகளில் அது புரொடெக்‌ஷனில் நிற்கும், அல்லது ஐ.சி. போகும். ஸ்பீக்கர் இல்லாமல் டெஸ்ட் டோன் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை இதில் விட்டுவிடுங்கள்.

100 வோல்ட் மைக்செட் ஆம்ப், உள்ளே டிரான்ஸிஸ்டர்: ஆன் செய்து சும்மா வைத்திருந்தால் கவலையில்லை. அவுட்புட்டில் டிரான்ஸ்பார்மர் இருப்பதால், லைன் அறுந்த நிலையில் முழுச் சத்தத்தில் ஓட்டுவதை நான் தவிர்ப்பேன். பழைய மாடல்களில் உதை வாங்கி டிரான்ஸிஸ்டர் போனதைப் பார்த்திருக்கிறேன்.

வால்வ் ஆம்ப்: இங்கேதான் உட்கார்ந்து படிக்க வேண்டும். இந்தப் பக்கம் பழைய மைக்செட்காரர் வீட்டுப் பரணில் இன்னும் வால்வ் செட் இருக்கிறது, ஆர்கெஸ்ட்ராக்காரர்களிடமும் சர்ச்சுகளிலும் கிட்டார் வால்வ் ஆம்ப் இருக்கிறது. பரணிலிருந்து இறக்கியதும் எல்லாரும் செய்கிற முதல் காரியம், ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்து வால்வ் எரிகிறதா என்று பார்ப்பது. எரிவதைப் பார்ப்பதோடு நிறுத்தினால் பிழைக்கும். மைக்கை மாட்டி ஹலோ சொன்னால்தான் வினை. ஸ்பீக்கர் இல்லாத அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் பல மடங்கு எகிறி, வால்வ் சாக்கெட்டின் கால்களுக்கு நடுவே தீப்பொறி பாயும், இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மரின் உள்சுற்றைத் துளைத்துக்கொண்டு போகும்.

அப்படி ஓட்டிவிட்டீர்கள் என்றால் இப்படிப் பாருங்கள்:

அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிடுங்கள். மூடியைத் திறக்காதீர்கள், உள்ளே கண்டன்சர்களில் பல நூறு வோல்ட் அணைத்த பிறகும் நிற்கும். நல்ல ஸ்பீக்கரைச் சரியான ஓம் டெர்மினலில் மாட்டி, வால்யூம் முழுக்கக் குறைத்து, ஆன் செய்யுங்கள். பழைய சத்தம் அப்படியே வந்தால் தப்பித்தது. சத்தம் மெலிந்து பிசிறினால், சடசடவென்று பொரிந்தால், வால்வின் உள்தகடு செங்கல் நிறத்தில் சிவந்தால், அல்லது எரிந்த வார்னிஷ் வாடை வந்தால் அந்த நொடியே அணையுங்கள். அதற்கு மேல் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. சாக்கெட் கருகியது என்றால் செலவு குறைவு. டிரான்ஸ்பார்மர் போனால் மறுபடி சுற்ற வேண்டும், அதைச் சரியாகச் சுற்றத் தெரிந்த ஆள் இப்போது தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் சுலபமாகக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் காத்திருக்க வேண்டும்.

ஓம் கொஞ்சம் மாறினால் வால்வ் ஆம்ப் பொறுத்துக்கொள்ளும். 8 டெர்மினலில் 4 அல்லது 16 மாட்டி ஒரு ராத்திரி ஓட்டினால் பெரும்பாலும் தாங்கும், நல்லதில்லை என்றாலும். ஷார்ட் ஆனால்கூட டிரான்ஸிஸ்டர் மாதிரி உடனே சாவதில்லை. அதனால்தான் ஃபெண்டர் கிட்டார் ஆம்ப்களில், ஸ்பீக்கர் பிளக்கை உருவினால் முதன்மை ஜாக் தானாகவே ஷார்ட் ஆகிக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள். டிரான்ஸிஸ்டர் ஆம்பில் இதையே செய்தால் கதை முடிந்தது. இதைக் கேட்டுவிட்டு ஒருவர் தன் டிரான்ஸிஸ்டர் ஆம்பை ஒயர் துண்டால் ஷார்ட் செய்து பத்திரப்படுத்தி வைத்தார், அந்த ஆம்பும் என் மேசைக்கு வந்தது.

குழாய் கட்டாமல் வீட்டிலேயே ஆம்பை ஓட்டிப் பார்க்க வேண்டுமா? 100 வோல்ட் ஆம்புக்கு 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு அருமையான டம்மி லோடு, அதாவது ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் சுமை. அதன் அளவு சுமார் 53 ஓம், 100 வோல்ட்டில் 190 வாட் சாப்பிடும், 250 வாட் ஆம்புக்குப் பொருத்தம். 1500 வாட் ராடு வேண்டாம், அது 250 வாட் ஆம்புக்கு அதிகம். ராடின் பிளக்கை வெட்டி ஆம்பின் 100 வோல்ட் டெர்மினலில் மாட்டி, பிளாஸ்டிக் பக்கெட் தண்ணீரில் முக்கி, பாட்டை ஏற்றுங்கள். தண்ணீரில் கை வைக்காதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சத்தமில்லாமல் அரை மணி நேரம் ஓட்டினால் ஆம்பின் தரம் தெரிந்துவிடும், அக்கம்பக்கத்தில் சண்டையும் வராது.

## டிராக்டர், மினி ஆட்டோ செட்: ஒரு பக்கம் கட்டாகிறது, ஐ.சி. கொதிக்கிறது

பாக்ஸின் மைனஸ் ஒயர் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒயர் மிச்சம் பிடிக்க இரண்டு மைனஸையும் ஒன்றாக முறுக்கி டிராக்டர் பாடியில் அடித்திருப்பார்கள். கார் ஸ்டீரியோக்களிலும் சின்ன கிளாஸ் டி போர்டுகளிலும் ஸ்பீக்கர் மைனஸ் என்பது எர்த் இல்லை, அதிலும் சத்தம் வருகிறது. ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனித்தனி இரண்டு ஒயர் இழுங்கள். பல நேரம் ஐ.சி. இன்னும் உயிரோடு இருக்கும், ஒயரைப் பிரித்ததும் பாட ஆரம்பிக்கும்.

## பாட்டே இல்லை, ஆனால் ஆம்ப் சூடாகிறது, அல்லது ஸ்பீக்கரில் ஒரே உறுமல்

உடனே அணைத்துவிட்டு ஸ்பீக்கரைக் கழற்றி, மறுபடி ஆன் செய்யுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, பாட்டு இல்லாமல், அவுட்புட் டெர்மினலை அளங்கள். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட், அதற்கு மேல் என்றால் நல்ல ஸ்பீக்கர் எதையும் அதில் மாட்டாதீர்கள், வரிசையாக எரிக்கும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது, மெக்கானிக்தான்.

டிசி இல்லை, ஆனாலும் சும்மாவே கொதிக்கிறது, மூடியைத் திறந்தால் அவுட்புட் பக்கத்தில் ஒரு சின்ன 10 ஓம் ரெசிஸ்டர் கருகியிருக்கிறது என்றால், ஆம்ப் காதுக்குக் கேட்காத அளவில் தானாகவே அலறிக்கொண்டிருக்கிறது. ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் மறுபடி கருகும், அதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க ஆசிலாஸ்கோப் வைத்திருக்கிற ஆளிடம் போக வேண்டும்.

## கடைக்கு வரும்போது

ஆம்பை மட்டும் கொண்டுவராதீர்கள். எந்தெந்தப் பாக்ஸ் எந்த டெர்மினலில் இருந்தது என்று கழற்றுவதற்கு முன் பின்பக்கத்தைப் போனில் ஒரு போட்டோ எடுங்கள். ஆம்பு, அன்றைக்கு ஓட்டிய ஒயர், சந்தேகமான ஒரு பாக்ஸ் அல்லது குழாய், போன பியூஸ், நான்கும் வேண்டும். பியூஸைத் தூக்கிப் போடாதீர்கள்: கண்ணாடி உள்ளே கருப்பாகப் பூசியிருந்தால் ஷார்ட், கம்பி நடுவில் மட்டும் மெல்ல உருகியிருந்தால் லோடு அதிகம் என்று திறப்பதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிடலாம். திருவிழா அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு வராமல் இரண்டு நாள் முன்னால் வந்தால் டீயும் உண்டு.